மெக்சிக்கோக் கடலில் ஐந்து படகுகள், எசனில் ஒரு கூட்டம்

சனிக்கிழமை காலை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தலைக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போய், இரண்டாம் மாடியில் இருக்கும் ஃபிராவ் லோமானிடம் கொடுப்பது.

ஃபிராவ், அதாவது திருமதி, லோமானுக்கு எழுபது தாண்டிவிட்டது. இடுப்பில் ஒப்பரேசன் செய்து, படி இறங்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எசன் நகரத்தில் அந்தக் கட்டடத்தில் நாங்கள் அவருக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில்.

"தண்ணியை வைச்சிட்டு உடனை வாங்கோ. புட்டு இறக்கப்போறன்," என்றாள் மனைவி.

கதவு திறந்தே கிடந்தது. ஃபிராவ் லோமான் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"என்ன, இடுப்பு நோகிறதா?"

"இடுப்பு இல்லை. என் மகள் சபீனா. பத்து நாளுக்கு மேலாகிவிட்டது, ஒரு சத்தமும் இல்லை."

எங்கே போனாள் என்று கேட்டேன்.

"கடலில்," என்றார். "சின்னப் படகு. அவளும் புருசனும். மெக்சிக்கோவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே போகிறார்கள்."

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"தனியாகவா?"

"தனியாகப் போகப் பயம். கொள்ளைக்காரர் இருக்கிறார்களாம். அதனால் ஐந்து படகுகள் ஒன்றாகப் போகின்றன. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்பார். குடிதண்ணீரை அளந்துதான் குடிக்கிறார்கள். கடைசியாக நின்ற துறைமுகத்தில் ஏதோ முத்திரை குறைகிறது என்று அதிகாரிகள் நாட்கணக்கில் மறித்து வைத்திருந்தார்கள்."

"அப்ப வீடு?"

"வீட்டை விற்றுத்தானே படகை வாங்கினார்கள். தளபாடம், கார், எல்லாம் விற்றாயிற்று. 'இங்கே இனி இருக்க முடியாது அம்மா' என்றாள். போய்விட்டாள்."

வாசிக்கிறவர்களே, நீங்களே சொல்லுங்கள். வீட்டை விற்றுப் படகேறி, தண்ணீரை அளந்து குடித்து, ஒரு முத்திரைக்காக அதிகாரிக்கு முன்னால் காத்து நிற்கிற சனத்தை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வோம்?

வேலையில்லாதவர்களின் காசைக் குறைக்கிற சட்டம் வந்து, ஜேர்மனியில் சனம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. கடைசியில் ஜேர்மன்காரனும் அகதியாகப் படகேறிவிட்டான்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விடையைக் கையில் வைத்திருப்பவன் எதற்குக் கேட்கவேண்டும்? மீசை முளைக்க முன்பே சுவரில் நோட்டீஸ் ஒட்டியவன் நான். பள்ளிக்கூடம் கொஞ்சம், மிச்சமெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. அதில் ஒரு வரியில் கேள்விக்குறி வந்தால் அடுத்த வரியிலேயே பதிலும் வந்துவிடும்.

ஃபிராவ் லோமானின் கையைப் பிடித்தேன்.

"நீங்கள் தனியாக இல்லை," என்றேன்.

"நன்றி," என்றார் அவர். "தண்ணீரைக் குசினிக்குள் வைத்துவிடுங்கள்."

மேலே வந்தேன்.

"புட்டு ஆறிப்போச்சு," என்றாள் மனைவி.

"அங்கை கடலிலை சனம் தவிச்சுக்கொண்டு நிக்குது. உமக்குப் புட்டோ?"

"எந்தச் சனம்?"

சொன்னேன். அவள் கோப்பைகளை எடுத்து வைத்தபடியே கேட்டாள்.

"அந்தப் பிள்ளை நத்தார்ப் பண்டிகைக்கு வரேக்கை எவ்வளவு பெரிய காரிலை வந்தது. சைக்கிள் வைக்கிற இடத்தை மறிச்சுப்போட்டுதெண்டு நீங்கள் சண்டைக்கும் போனனீங்கள்."

"அப்பிடிக் கார் வைச்சிருந்த பிள்ளையே படகேற வேண்டி வந்திட்டுதெண்டா, நிலைமையைப் பாருமன்."

"இஞ்சாருங்கோ, அதுகள் உல்லாசமாப் போயிருக்குங்கள்."

"உல்லாசமாப் போறவன் தண்ணியை அளந்து குடிப்பானோ?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்திருக்கும். ஆனால் அவள் புட்டைத்தான் என் முன்னால் வைத்தாள்.

சாப்பிட்ட கையோடு நோட்டீஸ் எழுதினேன். 'எங்கள் வீட்டுப் பிள்ளை நடுக்கடலில்.' அதன் கீழே நாலு வரி: ஃபிராவ் லோமானின் மகளிடமிருந்து தகவல் இல்லை, ஐந்து படகுகள் அபாயத்தில், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முற்றத்தில் கூடுவோம். என் ஜேர்மன் மொழியில் பிழை இருக்கும். தலைப்பு வைப்பதில் மட்டும் எனக்குப் பிழை வருவதில்லை.

பிரதி எடுக்கிற கடைக்குப் போகிற வழியில் யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். யோகன் ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் சமையல். ஒரு காலத்தில் நான் கூப்பிட்டால் ஒரு பஸ் நிறையச் சனம் வரும். இன்றைக்கு அவன் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"தம்பி, நாளைக்கு நாலு மணிக்கு வா. படகுச் சனத்துக்காக ஒரு கூட்டம்."

"வாறன் அண்ணை. எந்த நாட்டுச் சனம்?"

"ஜேர்மன்."

அவன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது.

"எங்கை போகுதுகள்?"

"மெக்சிக்கோப் பக்கம்."

"அண்ணை, பிரஷர்க் குளிசை போட்டிட்டீங்களோ?"

"போட்டிட்டன். நீ வாறியோ இல்லையோ?"

"ஓம், வாறன். அங்கை போய் அகதி அந்தஸ்துக் கேட்டா ஆர் குடுக்கிறது? அதையும் ஒருக்கா யோசிச்சு வையுங்கோ."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

பிரதிகளைக் கட்டடத்தில் இருந்த எல்லாத் தபால் பெட்டிகளிலும் போட்டேன். ஃபிராவ் லோமானின் பெட்டியிலும் ஒன்று. படி இறங்க முடியாத மனுசி தபால் பெட்டியை எப்படித் திறப்பார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முற்றத்துக்கு இறங்கியபோது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் முதல் ஆளாக வந்து நின்றார். கூட்டத்துக்கு அல்ல.

"ஞாயிற்றுக்கிழமையில் முற்றத்தில் சத்தம் போடக்கூடாது. விதி."

நான் ஒரு நோட்டீஸை நீட்டினேன். வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"சபீனாவா?" என்றார். உள்ளே போனார். இரண்டு கையிலும் கதிரைகளோடு திரும்பி வந்தார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் அப்பிள் கேக், ஒருவர் ஃபிளாஸ்க்கில் கோப்பி. போரில் எங்கள் ஊர் எரிந்தபோது இதே பெட்டிகளில் இதே கையால்தான் நோட்டீஸ் போட்டேன். அன்றைக்கு ஒரு குருவியும் வரவில்லை. ஒரே ஒருவர் பதில் தந்தார்: 'விளம்பரம் வேண்டாம்' என்று எழுதி என் பெட்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டிருந்தார். இன்றைக்கு முற்றம் நிறைந்துவிட்டது. அந்த 'விளம்பரம் வேண்டாம்' மனிதர் முன்வரிசையில் இருந்தார்.

யோகன் ஒரு தட்டு பீட்சாவோடு வந்து சேர்ந்தான். மனைவி மூன்றாம் மாடி பல்கனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து காத்திருந்த கூட்டம் இது. இன்று ஒழுங்காக நடந்தால், அடுத்த நோட்டீஸையும் இந்தச் சனம் வாசிக்கும். சொதப்பினால், இனி என் எழுத்து நேரே குப்பைத் தொட்டிக்குத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கல் பெஞ்சில் ஏறினேன்.

"அயலவர்களே! ஐந்து படகுகளில் எங்கள் பிள்ளைகள் கடலில் நிற்கிறார்கள். அவர்களை விரட்டியது யார்?"

"யார் விரட்டியது?" என்று கீழ் வீட்டுப் பெண் கவலையோடு கேட்டார். எங்கள் கூட்டங்களில் இப்படி யாரும் உண்மையாகவே கேட்பதில்லை. கொஞ்சம் தடுமாறிப்போனேன்.

"இந்த அரசாங்கம்," என்றேன். "வேலையைப் பறித்த அரசாங்கம்."

"சபீனா பல் வைத்தியர் அல்லவா?" என்றார் ஹவுஸ்மைஸ்டர். வாயைத் திறந்து உள்ளே விரலைக் காட்டினார். "இது அவள் கட்டிய பல்."

அது எனக்குப் புதிய செய்தி. மேடையில் நிற்கும்போது புதிய செய்தி வந்தால் பின்வாங்கக்கூடாது. அதன்மேலும் ஏறி நிற்கவேண்டும்.

"பார்த்தீர்களா? பல் வைத்தியருக்கே இந்தக் கதி என்றால் உங்களுக்கும் எனக்கும் என்ன கதி?"

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதை நான் ஆதரவென்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணை," என்று யோகன் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான். "பல்லு டொக்டர்மார் படகேறுறேல்லை. இறங்குங்கோ."

"பேசாமல் இரடா."

"ஆனால் அவர்கள் பாய்மரப் படகுதானே வாங்கினார்கள்?" என்றார் 'விளம்பரம் வேண்டாம்'.

"ஓம், பாய்மரம்தான்," என்றேன். "ஒரு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றக்கூட வழியில்லாமல்."

அப்போதுதான் இரண்டாம் மாடியில் தொலைபேசி அடித்தது.

ஜன்னல் திறந்திருந்தது. முற்றம் முழுவதும் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு ஃபிராவ் லோமானின் குரல்: "சபீனா? சபீனா, நீயா?"

ஒருவரும் கேக் மெல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். கீழே பார்த்தார்.

"நீங்கள் எல்லாரும் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"உங்கள் மகளுக்காகக் கூடியிருக்கிறோம்," என்றேன்.

அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, சபீனாவின் குரல் முற்றத்தில் இறங்கியது. அங்கே காலை நேரம். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, ஒரு சின்ன விரிகுடாவுக்குள் நின்றோம். அங்கே தொலைபேசி இல்லை. மூன்றாவது படகில் ஒருவருக்குப் பிறந்தநாள். அது முடிந்து புறப்படுகிற நேரம் பார்த்து நான்காவது படகுக்காரர் பெரிய மீன் ஒன்றைப் பிடித்துவிட்டார். அதைத் தின்று முடிக்காமல் வெளிக்கிட முடியவில்லை."

"மீனா?" என்றார் ஃபிராவ் லோமான். "நான் இங்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்து சாகிறேன். நீ மீன் தின்றாயா? நீ வா இங்கே, அந்தப் படகுக்குத் தீ வைக்கிறேன்."

அழுதுகொண்டே ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். நன்றாகத்தான் ஏசினார், மேடையில் விட்டால் என்னைத் தோற்கடித்துவிடுவார்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. கீழேயிருந்து கத்தினேன்: "தண்ணீர் இருக்கிறதா? தண்ணீர்?"

"யாரம்மா அது?"

"மேல் வீட்டுக்காரர். உன்னை மீட்கக் கூட்டம் போட்டிருக்கிறார்."

கடலுக்கு அப்பால் சிரிப்பு நின்றது.

"மிக்க நன்றி," என்றாள் சபீனா, மிகவும் மரியாதையாக. "தண்ணீர் இருக்கிறது. ஐஸ்தான் முடிந்துவிட்டது."

'விளம்பரம் வேண்டாம்' முதலில் சிரித்தார். பிறகு முற்றமே சிரித்தது. ஹவுஸ்மைஸ்டர் சிரித்த சிரிப்பில் சபீனா கட்டிய பல்லை எல்லாரும் தெளிவாகப் பார்த்தோம். நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவது அவ்வளவு கஷ்டமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யோகன் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே போய் அண்ணாந்து நின்று, தன் ஜேர்மனில் கேட்டான்: "ஒரு கேள்வி. அப்ப நீங்கள் ஏன் போகிறீர்கள்?"

"ஏனா?" என்றாள் சபீனா. "சும்மாதான். வாய்க்குள் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இங்கே வெயில், கடல், கூட வருகிற சிநேகிதர்கள். சும்மா."

யோகன் என்னிடம் திரும்பி வந்தான்.

"அண்ணை, சும்மாவாம்."

"கேட்டனான்."

"வீட்டை வித்துப்போட்டு, கள்ளர் இருக்கிற கடலிலை, சும்மா."

யோகன் மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவன். நேவிக்குப் பயந்து எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த குழந்தையின் வாயை அதன் தாய் பொத்திக்கொண்டிருக்கப் பார்த்தபடி வந்தவன். கடலில் சும்மாவும் போகலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

"நல்லா இருக்கட்டும்," என்றான் கடைசியில். பீட்சாத் தட்டை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் நீட்டினான்.

"அம்மா, அந்த ஐயாவிடம் ஒன்று கேள்," என்றது ஜன்னல். "கூட்டம் போட்டதுதான் போட்டார். நம் ஜேர்மன் கறுப்புப் பாண் அனுப்ப முடியுமா? ஐந்து படகிலும் ஒரு துண்டு கிடையாது. எல்லாரும் அதையே கனவு காண்கிறோம்."

அதோடு கூட்டம் சூடு பிடித்தது. ரை மாவில் சுட்ட பாணா, சூரியகாந்தி விதை போட்டதா? எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புவது, போய்ச் சேர முன் பூஞ்சணம் பிடிக்காதா? தகரத்தில் அடைத்தது விற்கிறார்கள் என்றார் கீழ் வீட்டுப் பெண். எந்தக் கடை என்றார் ஹவுஸ்மைஸ்டர். ஒருவரை ஒருவர் மறித்து, கை உயர்த்தி, ஒழுங்காக விவாதித்தார்கள். சட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். நானும் தாங்கினேன்.

"வாக்கெடுப்பு முடிஞ்சா மேலை வாங்கோ," என்றாள் மனைவி பல்கனியிலிருந்து. "தேத்தண்ணி ஆறுது."

கைகளை எண்ணத் தேவைப்படவே இல்லை. ஜேர்மனியில் நான் கூட்டிய கூட்டங்களில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் இதுதான்: பசிபிக் சமுத்திரத்துக்குத் தகரத்தில் அடைத்த கறுப்புப் பாண்.