முதுகே முகவரி

ஒரு காட்டில், எல்லாருக்கும் எல்லாமும் வீடு தேடி வரும் என்று மரத்துக்கு மரம் போர்டு மாட்டியிருந்த காட்டில், அல்லி என்றோர் ஆமை இருந்தாள். ஒரு கல்லைக்கூட இடிக்காமல் எட்டுப் போட்டு டிரைவிங் டெஸ்டில் பாஸானவள். மேட்டுக்காட்டில் குட்டை வற்றிவிட்டதால் தண்ணீர் லாரி ஓட்ட ஆள் தேடினார்கள். வேலை அவளுக்குத்தான், அமாவாசைக்குள் லைசென்ஸ் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவே.

அட்டை ஆபீசில் தயாராக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் போட்டோவே தெரிந்தது.

"அதோ இருக்கே சார், எடுத்துக் கொடுங்களேன்."

"கையில கொடுக்கக் கூடாதும்மா. தபால்லதான் வரும்," என்றது ஜன்னலில் இருந்த பெருச்சாளி. "நிரந்தர முகவரி?"

"என் முதுகு."

"அது நடக்குதே."

"பிறந்ததிலிருந்து இதே வீடு சார். இந்தக் காட்டுல வீடு மாறாத இன்னொருத்தரைக் காட்டுங்க, பார்ப்போம்."

பெருச்சாளிக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது முத்திரை குத்துவது அதன் வழக்கம். குத்தியது.

தபால்காரர் நாரை மறுநாளே வந்து அலகால் அவள் முதுகில் தட்டினார். தட்டினால் தலையை உள்ளே இழுப்பது ஆமைக்குலத்தின் பழக்கம். டிரைவிங் ஸ்கூலில் அதற்கெல்லாம் பாடம் கிடையாது. அல்லி சுதாரித்துத் தலையை நீட்டுவதற்குள் நாரை "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் பறந்துவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து கழுத்தை நீட்டியபடியே நின்றாள். நாரை வந்து ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வெளியே போயிருக்கார்."

"நான்தாண்ணே வீட்டுக்காரி. முக்கால்வாசி உள்ளேதானே இருக்கேன்."

"தலை வெளியே இருக்கே. வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் கொடுக்கணும்."

"உள்ளே போனா பூட்டியிருக்குன்னு எழுதுறீங்க."

"நானா எழுதுறேன்? ரூல் எழுதுது."

அட்டை ஆபீசுக்கே திரும்பியது. அல்லியும் அங்கே போனாள். புத்தம்புது லைசென்ஸைச் சிறகில் செருகிக்கொண்டு குயில் ஒருத்தி நின்றாள்.

"காக்கா கூட்டு அட்ரஸைப் போடுக்கா. அந்தம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சுடும். எங்க வீட்ல எல்லாருக்கும் அதான்."

"அது உன் வீடே இல்லையே."

"அசையாம இருக்குல்ல?"

அல்லி பொய் எழுத மறுத்தாள். இந்த இடத்தில் வானம் பூமாரி பொழிந்திருக்க வேண்டும். பொழியவில்லை. அமாவாசை போனது, வேலை குயிலுக்குப் போனது. கிளீனர் வேலைக்கு அட்டை கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அல்லி அதில் சேர்ந்தாள்.

குயிலிடம் லைசென்ஸ் இருந்தது, பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. முதல் நாளே இறக்கத்தில் லாரி நிற்காமல் உருண்டோடியது. குயில் ஜன்னல் வழியே பறந்துவிட்டாள். கீழே மான்குட்டிகள் குடத்தோடு வரிசையில் நின்றன. அல்லி மொத்த உடம்போடு பிரேக்கின் மேல் விழுந்து, வரிசைக்கு ஒரு முழம் முன்னால் லாரியை நிறுத்தினாள்.

மறுநாள் அவள் குளத்தின் நடுவில் மிதந்துகொண்டிருந்தபோது நாரை வந்தார். தட்டவில்லை. தலை உள்ளேயா வெளியேயா என்று பார்க்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் பிரேக் பிடித்ததற்கு ஆபீஸ் முத்திரை குத்தி அனுப்பிய நோட்டீஸை அவள் முதுகில் ஒட்டி, "முகவரியில் சேர்ப்பிக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போனார்.

அல்லி அந்த முதுகோடு ஆபீசுக்கு நடந்தாள். "இப்போ இது முகவரிதானே சார்? உங்க முத்திரையே இருக்கு."

பெருச்சாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தது. "பக்காவான முகவரிச் சான்று. ஆனா கேஸ் இருக்கிறவங்களுக்கு லைசென்ஸ் அனுப்புறதில்லையேம்மா."

நீதி: நிரந்தர முகவரி வேண்டுவோர் விண்ணப்பம் போட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம், யார் உயிரையாவது காப்பாற்றுங்கள், நோட்டீஸ் வீடு தேடி வரும்.