எங்கள் லயம் சத்தம் போட்டு உதவிய விதம்

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சித்தப்பாவுக்கு, நிஷாந்தி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, உங்கள் மகள் டிலானி, நான், மழை எல்லோரும் இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறோம். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுவதன் காரணம் உங்களுக்கே தெரியும். நம் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, காம்பராவுக்குக் காம்பரா சுவரும் இருக்கிறது, ஆனால் அது கூரை வரை போகவில்லை. நான் போனில் கேள்வி கேட்டால் கடைசிக் காம்பராவிலிருந்து பதில் வரும்.

டிலானியைப் பற்றித்தான். எழுதலாம் என்று அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். சித்தி குவைத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பாடசாலைக்கும் வருவதில்லை. நீங்கள் சோம்பேறித்தனம் என்றீர்கள், அம்மா கண்ணு பட்டிருக்கு என்றார். எங்கள் பாடசாலையில் மாணவருக்கு மாணவரே துணையிருக்கும் தோழமைக் குழு ஒன்று இருக்கிறது. என் வகுப்பு ஜீவராணிதான் தலைவி. காது கொடு, புத்தி சொல்லாதே, கேட்டதை வெளியே விடாதே, பாரமாக இருந்தால் பெரியவரிடம் கூட்டிப் போ என்று ஆலோசனை டீச்சர் எங்களைப் பழக்கியிருக்கிறார். புத்தி சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டம். ஜீவராணிக்கு எல்லாமே மூச்சு விடுகிற மாதிரி.

அவள் வந்து டிலானி பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் கூடவே வெங்காயம் உரித்தாள். நானாக இருந்தால் அதற்குள் நூலகத்தில் பாதியை ஒப்பித்திருப்பேன். வெங்காயம் முடியும்போது டிலானி வாய் திறந்தாள்.

"அம்மா போன்ல சிரிக்கிறப்பல்லாம் எனக்கு நெஞ்ச அடைக்குதுடி. காலையில எந்திரிக்கவே பிடிக்கல."

ஜீவராணி "ம்" என்றாள். பேச்சு அத்தோடு நின்றிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலாயி அக்கா, "அதுக்குன்னு பட்டினி கெடப்பியா, ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், வாடி" என்றார். அதற்கும் அடுத்த காம்பராவில் சுதாகரன் அண்ணன் டீவியைக் குறைத்து, "என்னவாம் புள்ளைக்கு?" என்று விசாரித்தார். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆளுக்கொரு வைத்தியம் பேச, அதைக் கேள்விப்பட்டு டிலானி போர்வைக்குள் போனவள் போனவள்தான். "இனி ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றாள். அன்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது சித்தப்பா.

ஜீவராணி பயந்தாளோ என்னவோ, காட்டவில்லை. காம்பரா காம்பராவாகப் போனாள். "காதப் பொத்திக்கங்கன்னு சொல்ல முடியாது, செவரு அப்படி. நாங்க பேசுறப்ப கொஞ்சம் சத்தம் போட்டு ஒதவுங்க" என்றாள். பரீட்சைக் காலத்தில் டீவியைக் குறையுங்கள் என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே லயம் இது. இப்போது ஜீவராணி ஒரு தகரத் தட்டைத் தட்டினால் போதும், சுதாகரன் அண்ணன் டீவியைக் கூட்டுகிறார், வேலாயி அக்கா கழுவிய சட்டியையே மறுபடி கழுவுகிறார், கடைசிக் காம்பராவில் தப்பு மேளத்தைக் காய்ச்சி அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள், என்ன திருவிழா என்று தோட்டத்துத் துரையின் பங்களாவிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் டிலானி பேசினாள், அழுதாள். கடைசியில், "அக்கா சட்டியில ஓட்ட விழுந்துறப் போவுது" என்று சிரித்தாள். டீச்சரைப் பார்க்கவும் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை அவளை டீச்சரோடு ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறோம்.

ஆகவே நீங்கள் பதற வேண்டாம். லீவு கேட்டு முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டாம். வரவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம். மாரியம்மன் உங்களுக்கு நல்ல உடம்பும் உங்கள் முதலாளிக்கு நல்ல மனசும் கொடுக்கட்டும்.

பணிவுள்ள மகள்,
நிஷாந்தி.

பி.கு: எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பிழை திருத்துவது என் பழக்கம். தட்டைத் தட்ட மறந்துவிட்டேன். வாசித்து முடித்ததும் சுவருக்கு அப்பாலிருந்து வேலாயி அக்கா, "வர வேணாம்னு எழுதுறியே, அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். கேட்டேன்.  "அப்பா வந்தா நல்லாருக்கும்" என்றாள் டிலானி. ஆகவே மேலே உள்ள வேண்டாம்களை எல்லாம் அடித்துவிட்டு வியாழக்கிழமையே ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள். வந்ததும் அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வெங்காயம் எடுத்து வைத்திருக்கிறேன்.