மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நல்லது நடந்தால் நம்பமாட்டார்கள். அதை நிறுத்திவிட்டு, வேறொன்றைப் போட்டுப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் நல்லது நடந்ததாக ஒப்புக்கொள்வார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். டனீடின் நகரில் அவர் பெயர் ஃபெர்கஸ். பல்கலைக்கழகத்தில் மருந்துச் சோதனைகளுக்குத் திட்டம் வகுப்பவர். அவரோடு ஒரே கட்டிலில் படுப்பவள் மனைவி ரோனா.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு இரண்டு அத்தைகள் ஆளுக்கொரு பாவ்லோவா கேக் கொண்டுவந்தால் மற்றவர்கள் தட்டை நீட்டுவார்கள். ஃபெர்கஸோ காசைச் சுண்டி, பாதிப் பேருக்கு இதை முதலிலும் மீதிப் பேருக்கு அதை முதலிலும் கொடுத்து, ஒன்றின் ருசி மற்றதில் ஒட்டாதிருக்க நடுவே எல்லோரையும் வெறும் தண்ணீரோடு உட்காரவைத்து, கடைசியில் இரண்டு அத்தைகளையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்வார். தொட்டுக்கொள்ள வைத்த ஐஸ்கிரீம்? அது எப்போதோ உருகியிருக்கும்.

இதையெல்லாம் ரோனா பொறுத்துக்கொண்டாள். அவருடைய குறட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. பல வருஷமாக அவள் ஒரு முழு இரவு தூங்கியதில்லை. ஒருவழியாக மருத்துவர் இரண்டு வழி சொன்னார்: பல்லில் மாட்டும் கவசம், இல்லையென்றால் தாடையைக் கட்டும் பட்டை. கவசத்தை மாட்டிய முதல் நாளே வீடு அமைதியானது. அந்த வாரம் முழுக்க ரோனா விடியும்வரை தூங்கினாள். பாத்திரம் துலக்கும்போது பாடக்கூடச் செய்தாள்.

ஃபெர்கஸ் கவசத்தைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

இனி இரண்டு வாரம் எதையும் மாட்டக் கூடாதாம். கவசத்தின் பலன் முழுக்க வடியவேண்டுமாம். அப்புறம் பட்டையாம்.

"அதான் வேலை செய்யுதே. இன்னும் என்னத்த ஒப்பிடப் போற?"

"ஒண்ண மட்டும் பாத்துட்டு எப்படி முடிவு சொல்றது, ரோனா?"

"உன் ஆராய்ச்சியில மட்டும் நடுவுல எட்டிப் பாத்துட்டு, தோக்குற மருந்த எடுத்து, புதுச சேத்து, பாதியிலயே திட்டத்த மாத்துறியே?"

"மாத்தலாம்னு அங்க முன்னாடியே எழுதிவெச்சிருப்போம். வீட்டுச் சோதனைக்கு அப்படி எழுதலையே."

ரோனா வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குக் குடிபோனாள்.

இரண்டு வாரம் போயிற்று. பட்டை கட்டிய மறுநாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி ஃபெர்கஸ் கேட்டார். "நேத்து எப்படி இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கிட்டிருந்தேன்."

கத்தி அந்தரத்தில் நின்றது. குறட்டையை அளக்க இருந்த ஒரே கருவி அவள் காது. அந்தக் கருவி அறை மாறிப் போனதை, ஊருக்கெல்லாம் திட்டம் வகுப்பவர் கவனிக்கவில்லை. சில நாள் மட்டும் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சினார்.

"நானும் நடுவுல எட்டிப் பாத்தேன், ஃபெர்கஸ். புதுசா பின் அறைய சேத்துக்கிட்டேன். அது ஜெயிச்சிருச்சு. தோத்தத எடுத்துட்டேன்."

"அப்படி முன்னாடி எழுதலையே."

"இப்ப எழுதிக்க."

அன்றே கவசம் டப்பாவைவிட்டு வெளியே வந்தது. அதை மாட்டிக்கொண்டு பின் அறை வாசலில் நின்ற ஃபெர்கஸ், ஒப்பிட்டது போதும், இதுவே இருக்கட்டும் என்று குழறினார்.

ரோனா போர்வையை இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வாரம் போகட்டும். உன் குறட்டை என் காதுலேர்ந்து முழுசா வடியணும்."

சிரிக்கிறீர்கள். சரி. ஒரு மருத்துவர் கொடுத்த மாத்திரையில் முட்டிவலி விட்டதும், எதற்கும் இன்னொருவரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பியது யார்? எனக்கு எப்படித் தெரியும் என்பது இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பின் அறைக் கட்டிலுக்கு யாராவது புது விரிப்புப் போட்டிருக்கிறார்களா, போய்ப் பாருங்கள்.