டிரயல் சாருக்கு நாற்காலி கிடைத்த விதம்

கத்தி தீட்டிகள் என்றொரு இனம் உண்டு. காய் வாடி, வந்த விருந்தாளி கிளம்பிப் போன பிறகும் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த இனத்தின் திலகம், பிஸ்கெட் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்து டிரயல் சார். காசு கொடுக்காமல் சில நாள் ஓட்டிப் பார்க்கும் டிரயல் மென்பொருட்களால் கணினியை நிரப்பி வைத்ததால் வந்த பட்டம் அது.

பாக்கெட்டுக்குள் பிஸ்கெட் உடைகிறது. காரணம் அடுப்புச் சூடா, வெண்ணெயா, மாவின் தடிமனா? சூட்டைக் கூட்டி, வெண்ணெயைக் குறைத்து, மாவைத் தடிப்பாக்கி, பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக்கி, ஒரு சேர்க்கையும் விட்டுப்போகாமல் சுட்டு, உடைந்ததை எண்ணியும் முடித்தாயிற்று. எண்களை ஒரு மென்பொருளில் போட்டால் குற்றவாளி யாரென்று சொல்லிவிடும். திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் பிரிவுத் தலைவர் நாற்காலி என்றிருந்தார் மேனேஜர். அந்த நாற்காலிக்காக டிரயல் சார் ஏங்காத நாளில்லை.

ஆனால் எந்த மென்பொருள்? ஒன்று இலவசம், ஆனால் கட்டளைகளைத் தட்டித் தட்டி விரல் தேயும். ஒன்று சுலபம், விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூன்றாவது எல்லாம் பொருந்தி வந்தும் வரைபடத்தின் ஊதா நிறம் பிடிக்கவில்லை. பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை நொட்டை சொன்னதில்லை.

"பிஸ்கெட் ஏன் உடையுதுன்னு தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"அவசரப்படாதே. எதுல கண்டுபிடிக்கிறதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்."

அதற்கும் வழி கண்டார். விலை, சுலபம், நிறம் மூன்றையும் பிஸ்கெட்டைப் போலவே எல்லா விதத்திலும் மாற்றிச் சேர்த்து, மென்பொருட்களையே சோதித்து மதிப்பெண் போட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா இந்த மதிப்பெண்ணை எதுல போட்டுப் பாக்கறது?"

மனைவி, சோதனைக்கு வைத்திருந்த பிஸ்கெட் ஒன்றை எடுத்து, கையாலேயே உடைத்துத் தின்றாள்.

திங்கட்கிழமை மேனேஜர் குதித்தார். "உடையறதை உடைச்சே வித்துத் தொலைங்கய்யா!"

தூளாக்கி விற்றார்கள். சக்கைப்போடு போட்டது! அவசரப்பட்டுப் பதில் சொல்லிக் காரியத்தைக் கெடுக்காத தீர்க்கதரிசி என்று நாற்காலியை டிரயல் சாருக்கே கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் சும்மா இருந்திருக்கலாம். "பிடிச்ச நாற்காலியா நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

இன்றுவரை நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார்.

சிரித்தது போதும். நடைப்பயிற்சிக்கு எந்த ஷூ நல்லது என்று போன வருஷம் ஊரெல்லாம் விசாரித்தீர்களே, தெருமுனை வரையாவது நடந்தீர்களா?