ஈரச்சுவருக்கு இரண்டு நிமிட மௌனம்

"கண்ணாடிக்காரரே, இந்த மாசம் உங்க ஆள் யாரு? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும்."

இணையக் குழுவின் தலைவர் அனுப்பிய செய்தியைக் கண்ணாடிக்காரர் போனில் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. கையில் யாருடைய லென்ஸோ இருந்தது. அதைக் கீழே போடாமல் வைத்ததே பெரிய விஷயம்.

'நூற்றுக்குக் கீழே' என்பது அந்தக் குழுவின் பெயர். டெக்னோ இசைக்கான குழு. டெக்னோவில் பாடகரும் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. ஒரே அடி, நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிறவரை திரும்பத் திரும்ப. அதிலும் பிரபலமானவர் யாரும் இவர்களுக்கு ஆகாது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், நூறு பேர்கூடக் கேட்காத ஒருவரைத் தோண்டியெடுத்து, மாதம் ஒருவராகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் வெறுங்கையோடு வந்தால் குழுவிலிருந்து நீக்கம்.

போன மாதம் கண்ணாடிக்காரர் அரும்பாடுபட்டு ஒருவரைப் பிடித்தார். குழுவில் சொல்லும் நேரத்தில் அந்தப் பாவி முன்னேறிவிட்டான். "மன்னிச்சிடுங்க, இவருக்கு நூத்தி நாலு பேர் ஆயிடுச்சு" என்று அவரே எழுதினார். பத்துப் பேரும் துக்கம் விசாரித்தார்கள்.

மற்றவர்களுக்கோ ஆட்கள் கொட்டிக் கிடந்தார்கள். குழுவில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். 'தாடி', கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒருவரைக் கொண்டுவந்தார். 'டீச்சர்', பனிப்பிரதேசத்து ஆட்டுப்பட்டியிலிருந்து இசை அனுப்பும் இரட்டையரை. தலைவர் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இவருக்கு மட்டும் ஏன் யாரும் அகப்படவில்லை?

குழு போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? கடையில் முதலாளி அவரைப் 'பின்ரூம்' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் அவர் ஹெட்போனை எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுவாள். அவர் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்க அந்தப் பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போனை வைத்து அதன் ஓசையைப் பதிந்தார். ஒரு செயலியில் போட்டு மெதுவாக்கினார். ஓர் அடியைச் சேர்த்தார். இன்னும் மெதுவாக்கினார். 'ஈரச்சுவர்' என்று ஒரு பெயரை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

குழு ஆடிப்போய்விட்டது.

"நாலாவது நிமிஷத்துல எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்று எழுதினார் டீச்சர்.

"யாரு சார் இவரு? எங்க இருக்காரு?" என்றார் தாடி.

கண்ணாடிக்காரர் வாய்க்கு வந்ததை எழுதினார். வயசானவர். கடலோரத்தில் தனியாக இருக்கிறார். மனுஷங்களோடு பேசமாட்டார்.

"உங்ககிட்ட மட்டும் பேசறாரே, அதுவே பெரிய பாக்கியம். பத்துக் கேள்வி அனுப்பறோம், பதில் வாங்கிக் குடுங்க" என்றார் தலைவர்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி விசாரித்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஏங்க, பேசாம உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"தொரத்திடுவாங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, கேள்வியைப் படிங்க."

"உங்கள் இசையில் மௌனத்தின் இடம் என்ன?"

"வீட்டுல ஒருத்தரும் என்கிட்ட பேசறதில்ல, அதான்னு எழுதுங்க." சொல்லிவிட்டு அவள் காய் நறுக்கப் போனாள். யாரைச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அப்படியே எழுதி அனுப்பினார்.

அந்தப் பதிலைப் படித்துவிட்டு தாடி ஒரு நாள் விடுப்பு எடுத்தாராம்.

அதோடு விட்டார்களா? "இப்படிப்பட்ட மனுஷனைத் தனியா விடக்கூடாது. வேன் பிடிச்சு எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார் தலைவர். அந்தக் குழுவில் எந்தக் கலைஞரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது மட்டும் என்ன வந்தது இவர்களுக்கு? கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அவருக்கு உடம்பு சரியில்லையாம். யாரும் வரவேண்டாம்னு சொல்லிட்டார்" என்று எழுதினார்.

"உடம்புக்கு என்ன? என் தங்கச்சி நர்ஸு. இன்னைக்கே அனுப்பறேன். முகவரி குடுங்க" என்றார் டீச்சர்.

முகவரிக்கு எங்கே போவது? வேறு வழியே இல்லை. மறுநாள் காலை, கடை திறக்குமுன்பே, கண்ணாடிக்காரர் ஈரச்சுவரைச் சாகடித்துவிட்டார்.

'தூக்கத்திலேயே போய்விட்டார்' என்று எழுதிவிட்டு அவர் போனுக்கு முன்னால் எழுந்து நின்றார். விளையாட்டில்லை, நிஜமாகவே எழுந்து நின்றார். இத்தனை நாளாக அந்தக் கிழவருக்கு வீடு கொடுத்து, வியாதி கொடுத்து, பேச்சும் கொடுத்தவர் அவர்தானே.

இரங்கல் கூட்டம் தலைவர் வீட்டில் என்று முடிவானது. குழுவினர் முகம் பார்த்துக்கொள்வது அதுவே முதல் தடவை.

"போட்டோ ஒண்ணு கொண்டுவாங்க" என்றார் தலைவர்.

"போட்டோ எடுக்க விடமாட்டாரே."

"ஏதாவது ஒண்ணு இருக்கும், பாருங்க சார். வெறும் நாற்காலியைப் பாத்து எப்படி அழறது?"

கண்ணாடிக்காரர் தன் வீட்டுக் குளியலறையில் நீர் கசிந்து பாசி பிடித்திருந்த சுவரைப் படமெடுத்து, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

தலைவர் வீட்டுக் கூடத்தில் மேசை மேல் அந்தப் படத்தை வைத்தார்கள். பெரியவர்கள் பத்துப் பேர், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஒரு பாசிச் சுவரின் முன்னால் தலைகுனிந்து இரண்டு நிமிடம் நின்றார்கள். கண்ணாடிக்காரரும் நின்றார். பிறகு அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். லென்ஸ் தேயும் சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. தாடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். தலைவர் சுவரில் சாய்ந்து விம்மினார்.

"அவரைத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் டீச்சர்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கண்ணாடிக்காரர் எழுந்தார். பத்து முகங்களும் அவரையே பார்த்தன. அத்தனை பேர் அவரை ஒருசேரப் பார்த்ததே கிடையாது.

"அவர் யார்கிட்டயும் பேசமாட்டார்" என்று தொடங்கினார். "ஏன்னா, பேசினா கேக்கறதுக்கு ஆள் இல்ல. பின்னால ஒரு ரூம்ல உக்காந்து நாள் பூரா அதே சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தார். கடைசியா நீங்க கேட்டீங்க. அது போதும் அவருக்கு."

அதற்குமேல் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். டீச்சர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்களை இனியும் ஏமாற்றக் கூடாது. கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். நீக்கினால் நீக்கட்டும்.

தலைவரைத் தேடி உள்ளே போனார். சமையலறையில் தலைவரின் மனைவி மட்டும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்ப வேண்டாம் தம்பி, அவர் ரொம்ப ஒடஞ்சு போயிருக்கார்." அவர் ஒரு கோப்பையை நீட்டினார்.

"அவருக்கும் இவ்வளவு துக்கமா?"

"பின்ன இருக்காதா? அவங்கவங்க வீட்டுல மிக்ஸியையும் தையல் மெஷினையும் ஓடவிட்டு, ஆளுக்கொரு பேரை வெச்சு இத்தனை வருஷமா ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டு இருக்காங்க. அந்தக் குழுவுல நெஜமா இருந்த ஒரே மனுஷன் உங்க ஈரச்சுவர்தானே தம்பி!"