எட்டு பைத்தானும் ஒரு செந்தில்நாதனும்

உங்கள் ஆபீஸில் தொடவிடார் ஒருவர் கட்டாயம் இருப்பார். தேடிக் கஷ்டப்பட வேண்டாம். ஏதாவது ஒரு பொருளின் பக்கத்தில் நீங்கள் சும்மா போய் நின்றாலே போதும், மூன்று மேஜை தள்ளியிருந்து ‘அதைத் தொடாதீங்க’ என்று ஒரு குரல் வரும். அவர்தான். ஜெராக்ஸ் மெஷின், பீரோ சாவி, தண்ணீர் மோட்டார் சுவிட்ச் என்று இந்த இனத்தார் குடியிருக்கும் இடங்கள் பல. நாம் பார்க்கப்போகிற செந்தில்நாதன் குடியிருப்பது பைத்தானில். பாம்பு அல்ல, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற மொழி. பாம்பாக இருந்திருந்தால் இத்தனை பயம் காட்டியிருக்க மாட்டார்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பூஜை சாமான் கடைக்கு மேலே, பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறார்கள். மேடைக்கருவி சொல்லும் எடையை வாங்கி பைத்தான் நிரலிடம் கொடுக்க, சி என்ற இன்னொரு மொழியில் எழுதிய ஒரு மாட்யூல், அதாவது துணைநிரல், உண்டு. அதை பைத்தானின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்ய, அதாவது மெஷினுக்குப் புரியும்படி மாற்றியெடுக்க வேண்டும். அக்காவுக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் தங்கைக்கு ஏறாத மாதிரி, 3.6க்குச் செய்தது 3.8ல் ஏறாது. நஞ்சன்கூடு மேடையில் ஒரு வெர்ஷன், சாமராஜநகரில் ஒரு வெர்ஷன் என்று ஆளுக்கொன்றாக ஓட, செந்தில்நாதனின் கம்ப்யூட்டரில் மொத்தம் எட்டு பைத்தான்கள், எட்டு ஃபோல்டர்கள். அவற்றின் பெயர்கள் ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘இதுதான்’, ‘இதேதான்’ என்று போகும். எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றுவார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார், “அது ஒரு பெரிய கதை” என்பார். கதை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் தொடங்கும். கேட்டவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்படி ஓர் ஆள் எப்படி லீவு போட முடியும்? திருச்செந்தூர் போவதாக மனைவி வினிதாவிடமும் மகள் மீனாவிடமும் சொல்லி மூன்று முறை டிக்கெட் எடுத்து, மூன்று முறையும் கேன்சல் செய்தாயிற்று. ‘நான் இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாது’ என்பதை அவர் வருத்தத்தோடு சொல்லுவார். அந்த வருத்தத்தை அவர் எவ்வளவு ரசித்தார் என்பது வினிதாவுக்குத் தெரியும். நான்காம் முறை டிக்கெட்டை அவளே எடுத்தாள். வியாழக்கிழமை சாயங்கால ரயில்.

“ஏனுங்க, இந்தத் தடவையும் ஆபீஸ்னு சொன்னீங்கன்னா நானும் மீனாவும் மட்டும் போய்ட்டு வந்துடறோம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

புதன்கிழமை காலை சாமராஜநகர் மேடையின் கம்ப்யூட்டர் புகைந்து படுத்தது. புதிதாக வந்ததில் இருந்ததோ பைத்தான் 3.13. எட்டில் அது இல்லை. கரும்பு லாரிகள் வரிசையில் நிற்க, முதலாளி நஞ்சுண்டசாமி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். மூன்று நாள் ஆகும் என்றார் செந்தில்நாதன். சொல்லும்போது ஒரு பக்கம் பயம், ரயில் போய்விடும். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு தித்திப்பு.

நாலு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த, ஹனூர் என்ற ஊர்ப் பெண் அஷ்வினி, தான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். தொடவிடார் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் முதலாளி பார்வையாலேயே ‘விடுங்கள்’ என்றுவிட்டார். செந்தில்நாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த நாற்காலி இன்னொருவரை உட்காரவைத்தது அன்றுதான் முதல் தடவை.

பதினோரு மணி டீ வருவதற்குள் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“சார், எட்டு ஃபோல்டர்லயும் ஒரே ஃபைல்தானுங்க இருக்கு. ஒரு எழுத்துக்கூட மாறலீங்க.”

“தேதி பாத்தியாம்மா? தேதி எல்லாம் வேற வேற” என்றார் செந்தில்நாதன்.

விஷயம் இதுதான். மாறவேண்டியது கம்பைல் செய்து வருகிற மாட்யூல் மட்டும், எழுதின நிரல் அல்ல. நம்மவரோ ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் நிரலையே நகலெடுத்து, புதுப் பெயர் சூட்டி, எட்டையும் எட்டுப் பிள்ளைகளாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அஷ்வினி ஒரு நகலை வைத்துக்கொண்டாள். வெர்ஷன்களை ஒரு பட்டியலாக எழுதினாள், 3.13ஐயும் சேர்த்தாள், பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தானாகவே கம்பைல் ஆகும்படி பத்து வரி எழுதி ஓட்டினாள். டீ ஆறவில்லை. சாமராஜநகரில் முதல் கரும்பு லாரி மேடை ஏறி, எடை சரியாக விழுந்ததாக மத்தியானம் போன் வந்தது.

“செந்தில், ஆராமா ஹோகி பன்னி” என்றார் நஞ்சுண்டசாமி. நிதானமாகப் போய்வாருங்கள் என்று கன்னடத்தில் மனசாரத்தான் சொன்னார். லீவு கிடைத்த ஒரு மனிதரை இவ்வளவு வாடிப்போன முகத்தோடு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

திருச்செந்தூரில் முதல் நாள் போன் அடிக்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று கோயில் வாசலில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நாலு கோடும் முழுசாக இருந்தது. மறுநாள் காலை மீனா அலையில் குதித்துக்கொண்டிருந்தபோது, சிப்பி பொறுக்குவதுபோல நைசாக ஒதுங்கிப் போய் அவரே கூப்பிட்டார்.

“எல்லாம் ஓடுதாம்மா? எட்டும்?”

“ஒம்பதுங்க சார்” என்றாள் அஷ்வினி. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்க பழைய எட்டு ஃபோல்டரையும் நான் தொடலீங்க. நீங்க வந்தே அழிங்க” என்றாள்.

அந்தப் பெண்ணை அந்த நிமிஷம் செந்தில்நாதனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்து, ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள், தான் இல்லாமல் திண்டாடுகிறார்கள் என்று வினிதாவிடம் சொன்னார். அவள் அவர் கையிலிருந்த போனை வாங்கி, தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“அதைத் தொடாதீங்க” என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளிடம் போனார். கடல் அவரைக் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கிற நடுவில் ஒரு தடவை போனை எடுத்து, யாராவது கூப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடவில்லை என்றதும் ஒரு மாதிரி ஆகிவிட்டீர்களே, அது எதற்கு?