தண்ணீருக்கு இடுப்பளவு எடுத்தவர்

மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர்கள் தாம்பரத்தில் ஆயிரம் பேர். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் தெருவில் குடியிருந்தது நாங்கள் செய்த பாக்கியம். இஞ்ச் டேப் சார் என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம்.

அந்த இஞ்ச் டேப் என்னுடையது. எண்பதுகளில் அந்தத் தெருவின் பள்ளத்தில் தையல் கடை வைத்திருந்தேன். பின்னால் மாடம்பாக்கம் வரைக்கும் வயல். அத்தனை வயல் தண்ணீரும் என் கடைக்கு எதிரே இருந்த ஒரே கல்வெர்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஃபேன் கிறீச்சென்றால் தலையில் விழுமோ என்று தள்ளி உட்காருகிற ரகம். கடைக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தில் இடம் பிடித்தேன். புத்தி அவ்வளவுதான்.

சார் ஏதோ அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. மழை பெய்தால் ஆபீஸுக்கு லீவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"டெய்லர், டேப் குடு."

"சார், இது ஜாக்கெட் அளவு எடுக்கிற டேப்பு."

"தண்ணிக்கும் இடுப்பு இருக்குய்யா."

மொட்டை மாடியில் ஊறுகாய் பாட்டில் வைத்து, பெய்த மழையை அளப்பார். கல்வெர்ட்டில் என் டேப்பை விட்டு, வந்த தண்ணீரை அளப்பார். மேட்டு வயலில் பெய்தது எத்தனை மணி நேரம் கழித்து இங்கே வந்து சேர்ந்தது என்று வாட்சைப் பார்ப்பார். எல்லாம் நோட்டில் ஏறும். பத்து வருஷ நோட்டு, பரண் முழுக்க. அவர் சம்சாரம் அண்டாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் குடித்தனம் நடத்தினார்.

நோட்டெல்லாம் சேர்ந்து சொன்ன சேதி இதுதான்: "முதல் மழையை மண்ணு குடிச்சிடும். ரெண்டாவதைக் கொப்பளிக்கும். மூணாவதை நம்ம மேல துப்பும்."

ஒரு வருஷம் முதல் மழை வெளுத்து வாங்கியது. தெருவே தட்டுமுட்டோடு மாடி ஏற, சார் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டாவதும் போய், அடுத்த வாரம் மூன்றாவது மழை, சும்மா ஒரு தூறல். சார் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "மூணு மணி நேரத்துல தண்ணி வரும், சாமானை மேல ஏத்துங்க."

பால்காரர் கேட்டார், "தண்ணி இன்னா சார், பீச் ஸ்டேஷன் வண்டியா, டைம் சொல்லிகினு வர்றதுக்கு?"

"வண்டி லேட்டாகும்யா. இது ஆகாது."

மூன்று மணி பத்து நிமிஷத்தில் வந்தது. பால்காரர் தன் கேனைத் துரத்திக்கொண்டு ஓட, சார் அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் வயலில் மனைக்கல் நட்டார்கள். மனை பார்க்க வேனில் வந்து இறங்கிய குடும்பத்திடம் சார் ஓடிப்போய், "நல்ல இடம். மூணாவது மழைக்கு முட்டி வரைக்கும்தான்" என்று வாழ்த்தினார். வேன் திரும்பிவிட்டது.

"யோவ், இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீற?" என்றார் புரோக்கர்.

"பேஜாரெல்லாம் இல்ல. சராசரி."

அந்த வருஷம் தீபாவளி வாரம். இரண்டு மழை முடிந்திருந்தது. என் கடையில் தெருவின் மொத்தப் புதுத்துணியும் மூட்டை மூட்டையாகத் தரையில். நனைந்து சாயம் ஒட்டினால் தெரு என்னையே தைத்துவிடும். காலையில் மூன்றாவது மழை பிடித்தது.

"சார், எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம் இருக்கு. நிதானமா காஜா எடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கவலையே படாமல் நம்பினேன். என் ராசி, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சார் கல்வெர்ட்டிலிருந்து ஓடி வருகிறார், கழுத்தில் டேப்.

"வந்துடுச்சுய்யா. மனைக்காக வரப்பையெல்லாம் வெட்டிட்டானுங்க. வயலுக்கு வயல் நின்னு வர்ற தண்ணி, நிக்க இடமில்லாம நேரா வருது."

நான் காஜா ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்துக்கொண்டிருந்தேன். சார்தான் மூட்டையைத் தலையில் தூக்கினார். நாலு வீடு தள்ளி அவர் வீடு. கட்டில் நிறைந்ததும் பரணிலிருந்த நோட்டுகளை வாரித் தரையில் போட்டுவிட்டு அங்கே துணியை அடுக்கினார். கடைசி மூட்டை ஏறியபோது அந்த வீட்டிலும் கணுக்கால் தண்ணீர். பத்து வருஷ மழை வாசலைப் பார்த்து மிதந்து போனது.

"சார், நோட்டு."

"விடு. அது வரப்பு இருந்த வயலோட கணக்கு." பரணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நான் சொன்னேன்னுதானே நீ உக்காந்திருந்தே."

தீபாவளியன்று தெருவே காய்ந்த துணி உடுத்திக்கொண்டு, காலர் லூஸ் என்று என்னைத் திட்டியது. நான் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்து, பொறுக்கி எடுத்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சார் வந்து பின்னால் நின்றார்.

"சூட்டைக் குறைய்யா. போன வருஷ ஐப்பசி கருகிடப் போவுது."

டேப் அவர் கழுத்திலேயே கிடந்தது. அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஜாக்கெட்டுக்கு வேறே ஒன்று வாங்கிக்கொண்டேன்.